நீவாடு மாறும் இடம்

வலக்கையின் மூன்று விரல்களை
வின்ச் கயிறு கொண்டுபோன பத்தொன்பதாம் நாள்
ரேசரை என் மடியில் போட்டார்.
"நீயே இழுத்துவிடு, சலோமி."
இடக்கையால் முயன்று பார்த்திருக்கிறார்.
காதோரம் மூன்று கோடு, காய்ந்த ரத்தம்.

பதினேழு வருஷமாக
சோப்புத்தட்டுக்குப் பக்கத்தில் கிடக்கும் சாமான்.
தண்டின் அடியைத் திருகினால்
தலை இரண்டு கதவாகத் திறக்கும் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
தாளைப் பிரித்து, பிளேடைப் படுக்கவைத்து,
கதவை மூடுவதற்குள்
என் பெருவிரல் ஒரு சொட்டு கொடுத்தது.
"தாடி எனக்கு, ரத்தம் உனக்கா" என்றார்.
நான் சிரிக்கவில்லை.

போர் தண்ணியில் நுரை எழும்பவில்லை.
பிரஷ்ஷை எவ்வளவு சுற்றியும்
திரிந்த பால்போலக் கிண்ணத்தில் வெள்ளைப் பிசிறு.
பாம்பன் தெற்குவாடி உப்பு அப்படி.
வண்டியில் வாங்கிய குடத்திலிருந்து அரை டம்ளர் மோந்தேன்.
"குடிக்கிற தண்ணியையா" என்று வாயைத் திறந்தவர்
உதட்டில் நுரை பட்டதும் மூடிக்கொண்டார்.

எனக்குக் கத்தி புதிதல்ல.
ஏலக்கூடத்து வாசலில் விளைமீனும் ஊளியுமாக
எத்தனை ஆயிரம் உரசியிருப்பேன்.
ஆனால் செதிலை
வாலிலிருந்து தலைக்கு, எதிர்த்துத்தான் எடுக்க வேண்டும்.
கை அந்தப் பழக்கத்திலேயே
தாடையிலிருந்து மேலே போனது.
"ஏய்!" என்று துள்ளினார்,
உயிரோடு இருக்கிற மீன்.

அழுத்தினால் வெட்டும்.
அழுத்தாமல் விட்டால் அதன் கனமே
வேலையைச் செய்துகொள்ளும்.
இந்தச் சின்ன விஷயம் மணிக்கட்டுக்குப் புரிய
எட்டு நாள் ஆனது.
எந்தச் சாய்வில் கிர்ரென்று சத்தம் வருகிறதோ
அந்தச் சாய்வு சரி.
ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.
பேத்தை மீன் மாதிரி கன்னத்தை ஊதச் சொன்னால்
இரண்டு பக்கமும் ஊதுவார், கேட்டது ஒரு பக்கம்தான்.

கழுத்துதான் பிடிபடவில்லை.
கன்னத்தில் ஒழுங்காகக் கீழே போகிற முடி
குரல்வளைக்கு இந்தப்பக்கம் மேலே சாய்கிறது,
அந்தப்பக்கம் சுழிக்கிறது.
"அங்க நீவாடு மாறும்" என்றார்
கண்ணைத் திறக்காமல்.
விரல்நுனியால் தடவித் தடவித் தேடினேன்.
பதினேழு வருஷத்தில் ஒருநாளும்
இந்தக் கழுத்தை இவ்வளவு மெதுவாகத் தொட்டதில்லை.
எச்சில் விழுங்கினார்.
பிளேடுக்குக் கீழே ஒரு சின்ன மேடு
ஏறியது.
இறங்கும்வரை கையை அந்தரத்தில் வைத்திருந்தேன்.

மூன்றாம் மாதம், புதன்கிழமை,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கைக்குச் சான்றிதழ்.
"தாடியோட கூட்டிட்டுப் போ.
மழமழன்னு போனா பெர்சன்டேஜைக் குறைச்சிருவாக"
என்றாள் அடுத்த வீட்டு மெர்சலின்.
எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இரவில் சொன்னேன்.
பதில் இல்லை.
விடிந்து பார்த்தால்
தட்டில் ரேசர், பிரிக்காத பிளேடு,
நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து அவர்.

"இருதயராசு... இருதயராசு..."
மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்
கையைப் பார்க்கும் முன் முகத்தைப் பார்த்தார்.
"சவரமெல்லாம் பண்ணிக்கிறீங்களே."
இவர் தரையைப் பார்த்தார்.
என் பெருவிரலை மேசைமேல் வைத்தேன்.
குறுக்கும் நெடுக்குமாக ஏழெட்டுக் கீறல்,
படிகாரம் தேய்த்துத் தேய்த்து வெளுத்தது.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
என்னமோ எழுதினார். எவ்வளவு என்று சொல்லவில்லை.

திரும்பும்போது பாலத்தில் பஸ் ஏறியதும்
கச்சான் ஜன்னலில் அடித்தது.
வெயில் அவர் முகத்தில் பக்கவாட்டாக.
இடது தாடைக்குக் கீழே, அந்தச் சுழியை ஒட்டி,
நான் விட்டுவிட்ட நாலு முடி.
இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை.
காற்றில் படுத்துப் படுத்து எழுகின்றன.
விரல் பரபரத்தது.
சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை
அங்கேயிருந்து ஆரம்பித்தால் ஆயிற்று.